பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரருள் முதல்வர் யார்?

(ஆண்டு விழா அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இவ்விழாவில் இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு விளையாட்டைப் பற்றியும் ஓர் உரை வேண்டுமென்று நம் இளைஞர் விரும்பினர். தலைப்பையும் அவர்களே தந்தனர். பிரிட்டன் ஈன்ற குத்துச்சண்டை வீரருள் தலைசிறந்தவர் யார் என்பதே அத்தலைப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது பொழுதுபோக்கு வினாவாகவே தோன்றும். உள்ளே புகுந்து ஆராய்ந்தால், ஒரு நாட்டார் யாரைத் தம்மவர் என்று தழுவினர், யாரை வாயிலிலேயே நிறுத்தினர் என்னும் பெரியதொரு வழக்கு அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வழக்கு புதியதன்று.

குத்துச்சண்டையும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு நமக்கு அறிமுகப்படுத்துகிறது. கையுறை அணிந்து பொரும் ஆங்கில முறை, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னைக்கு வந்து, வடசென்னைத் தொழிலாளர் பகுதிகளில் வேரூன்றிப் பரம்பரை பரம்பரையாகப் பயிலப்பட்டது. 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படம் அவ்வரலாற்றை இக்கால இளைஞருக்கும் நினைவூட்டியது. ஆகவே, அம்முறை பிறந்த நாட்டின் வீரரைப் பற்றி நாம் பேசுவதும் பொருத்தமே.

முதற்கண் முன்னோரை வணங்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெறுங்கையாலேயே பொருதனர். 1743இல் ஜாக் பிராட்டன் என்பார் சில விதிகளை வகுத்தார். வீழ்ந்தவனை அடித்தலாகாது, இடைக்குக் கீழே பற்றுதலாகாது என்பன அவற்றுள் சில. 1764இல் இலண்டனில் யூதக் குடும்பத்தில் பிறந்த டானியல் மெண்டோசா இவ்விதிக் காலத்து வீரர். வலியோன் வெல்வான் என்றிருந்த ஆட்டத்தில், விலகுதல், தடுத்தல், அடியெடுத்து வைத்தல் ஆகியவற்றை ஒரு கலையாக வளர்த்தவர் அவர். உருவில் பெரியவரல்லர், அறிவால் பெரியவரை வென்றார். 1795இல் ஜான் ஜாக்சன் என்பவர் மெண்டோசாவின் நீண்ட தலைமயிரை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் தாக்கி அவரை வீழ்த்தினார். அதனைத் தடுக்கும் விதி அந்நாளில் இல்லை. 1860இல் டாம் சேயர்ஸ், தம்மினும் நாற்பது ராத்தலளவு எடை மிக்க அமெரிக்கர் ஹீனனை எதிர்த்து, வலக்கை ஊறுபட்ட பின்னும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நின்றார். வெற்றி தோல்வியின்றி அப்போர் முடிந்தது.

1867இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகளே இன்றைய ஆட்டத்துக்கு அடிப்படை. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவர் பத்து வினாடிக்குள் எழவேண்டும் என்னும் வரையறை ஆகியன அவற்றால் நிலைபெற்றன. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வீரரை ஒரே துலாக்கோலில் நிறுத்துதல் இயலாது. எனவே மெண்டோசாவையும் சேயர்சையும் முன்னோர் வரிசையில் அமர்த்திவிட்டு, கையுறைக் காலத்து வீரரையே இனி ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சியில் எழும் முதல் வினா, யார் பிரிட்டிஷார் என்பது.

பாப் பிட்சிம்மன்ஸ் 1863இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்குக் கொல்லுலையில் சம்மட்டி அடித்து வளர்ந்த தோள்கள் அவருடையவை. பட்டங்களை வென்றதோ அமெரிக்காவில். 1891இல் மிடில் வெயிட் பட்டம். 1897இல் நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரில், தம்மினும் பதினைந்து ராத்தலுக்கு மேல் எடை மிக்க கார்பெட்டைப் பதினான்காம் சுற்றில் வயிற்றின் மேற்புறத்தில் விட்ட ஒரே குத்தால் வீழ்த்தி ஹெவி வெயிட் பட்டம். 1903இல், நாற்பதாம் வயதில், லைட் ஹெவி வெயிட் பட்டம். மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்ற முதல் மனிதர் இவரே. இவர் எந்நாட்டார்? பிறப்பால் ஒரு நாடு, வளர்ப்பால் ஒரு நாடு, புகழால் ஒரு நாடு. பிரிட்டிஷ் வீரர் வரிசையில் இவரைச் சேர்த்தல் தகாது என்று ஒரு சாரார் வழக்காடுவர்.

லெனக்ஸ் லூயிஸ் செய்தியும் அத்தகையதே. யமைக்கத் தீவினின்று வந்த பெற்றோருக்கு 1965இல் இலண்டனில் பிறந்தவர்; பன்னிரண்டாம் வயதில் கனடா சென்றவர்; 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் தங்கம் வென்றவர்; பின்னர்ப் பிரிட்டனுக்கு மீண்டு பிரிட்டிஷ் வீரராகவே உலகப் பட்டம் வென்றவர். வேல்ஸ் நாடு தன் மகன் எனக் கொண்டாடும் ஜோ கால்சாகியும் பிறந்தது இலண்டனில். அவர் தந்தையோ இத்தாலியின் சார்டினியாத் தீவினர்.

அன்பர்களே! பிறந்த ஊர் ஒன்று, படித்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று என வாழும் நம்மிடம், ‘நீவிர் எவ்வூரார்?’ என்று கேட்போர்க்கு நாம் யாது விடை கூறுகிறோம்? எல்லா ஊர்க்கும் உரியோம் என்றுதானே! அந்த நீதியையே இவர்களுக்கும் வழங்குவோம். பிட்சிம்மன்சையும் லூயிசையும் பட்டியலினின்று நீக்குதல் முறையன்று.

இரண்டாவது வினா, எதனைக் கொண்டு அளப்பது என்பது. தோல்வியே காணாமை பெருமையா, வலியோரை வெல்லுதல் பெருமையா?

கால்சாகி 46 போட்டிகளில் பொருது 46இலும் வென்றார். 1997இல் யூபாங்கை வென்று பெற்ற பட்டத்தை இருபத்தொரு முறை காத்தார். தோல்வியின்மையே அளவுகோலாயின் அவரே முதல்வர். மறுப்போர் கூறுவது வேறு. பட்டம் பெற்ற முதல் ஒன்பது ஆண்டுகளில் அவர் எதிர்கொண்டோருள் பெரும் புகழாளர் சிலரே. இறுதியில் 2008இல் அமெரிக்காவின் ஹாப்கின்சையும் ராய் ஜோன்சையும் வென்றபோது முன்னவருக்கு வயது 43, பின்னவருக்கு 39 என்பர். இது முழு நியாயமன்று. 2006இல் ஜெப் லேசியையும் 2007இல் மிக்கெல் கெஸ்லரையும் அவர் வென்ற திறம் யாரும் குறைகூற இயலாதது. ஹாப்கின்ஸ், ஜோன்ஸ் இருவரும் முதற் சுற்றிலேயே அவரை வீழ்த்தினர் என்பதும், இருமுறையும் எழுந்து நின்று வென்றார் என்பதும் அவர்தம் நெஞ்சுரத்துக்குச் சான்று.

லூயிஸ் இருமுறை தோற்றவர். 1994இல் மெக்காலிடமும் 2001இல் ரஹ்மானிடமும் அடிபட்டு வீழ்ந்தார். இருவரையும் மீண்டும் எதிர்கொண்டு வென்றார். 1999இல் ஹோலிபீல்டை வென்று ஹெவி வெயிட் பிரிவின் மறுக்கவியலாத தலைவரானார். 2002இல் மைக் டைசனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். தாம் பொருத எவரிடமும் தீராக் கடன் வைக்காமல் 2004இல் ஓய்வு பெற்றார். தோல்வியே அறியாதவரினும், தோல்வியைத் தேடிச் சென்று திருத்தியவர் ஒருபடி மேல் என்பது எம் கருத்து. ஏனெனில், பதிவேட்டின் தூய்மையைக் காக்க விரும்புவோர் வலியோரைத் தவிர்த்தலும் கூடும்; தோற்ற இடத்துக்கே திரும்பிச் செல்வோர்க்கு அவ்வசதி இல்லை.

பதிவேடு சொல்லாத பெருமைகளும் உண்டு. வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரத்து ஜிம் டிரிஸ்கல் 1909இல் நியூயார்க்கில் உலக பெதர் வெயிட் வீரர் ஏப் அட்டெலுடன் பத்துச் சுற்றுப் பொருதார். அந்நாளில் அங்கு நிலவிய முறைப்படி, எதிரியை வீழ்த்தினாலன்றி வெற்றி அறிவிக்கப்படாது. டிரிஸ்கலே சிறந்து விளங்கினார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. பட்டமோ அட்டெலிடமே நின்றது. மறுபோட்டிக்காக அங்கேயே தங்குமாறு பலர் வேண்டினர். தாயகத்தில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொருட்டுக் காட்சிப் போட்டி ஆடுவதாக அவர் முன்னரே வாக்களித்திருந்தார். வாக்கைக் காக்கக் கப்பலேறினார். அட்டெலை மீண்டும் பட்டத்துக்கு எதிர்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. 1925இல் அவர் மறைந்தபோது கார்டிப் நகரமே தெருவில் திரண்டு விடைகொடுத்தது. உலகப் பட்டப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் காண இயலாது. அந்நகர மக்களின் நெஞ்சில் தேடினால் காணலாம்.

ஹென்றி கூப்பரும் உலகப் பட்டம் பெறாதவரே. 1963இல் வெம்பிளியில் நான்காம் சுற்றின் இறுதியில் தம் இடக்கைக் குத்தால் காசியஸ் கிளேயைத் தரையில் வீழ்த்தினார். பின்னர் முகம்மது அலி எனப் பெயர் பூண்டு, 1980இல் நம் சென்னைக்கும் வந்து காட்சிப் போட்டி ஆடிய அதே பெருவீரர்தாம் அவர். அடுத்த சுற்றில் கூப்பரின் கண்ணருகே குருதி பெருகி ஆட்டம் நிறுத்தப்பட்டது. நாட்டு மக்கள் கூப்பரிடம் வைத்த அன்புக்கு அளவில்லை. எனினும் அன்பு வேறு, தரவரிசை வேறு. நடுவுநிலைமையோடு ஆராயுங்கால் அவரை முதல் வரிசையில் அமர்த்த இயலவில்லை.

ஸ்காட்லாந்தின் இருவரை விட்டுவிடலாகாது. எடின்பரோவின் தச்சுத் தொழிலாளி கென் புக்கானன், 1970இல் போர்ட்டோ ரிக்கோவின் கொளுத்தும் வெயிலில் பதினைந்து சுற்று நின்று இஸ்மாயில் லகூனாவிடமிருந்து உலக லைட் வெயிட் பட்டத்தைப் பறித்தார். குளிர்நாட்டு மகன் வெயில் நாட்டுக்கே சென்று அங்கு வென்றதே அதன் சிறப்பு. கிளாஸ்கோ நகரின் ஏழ்மைமிக்க கார்பல்ஸ் பகுதியினின்று எழுந்த பென்னி லிஞ்ச் 1935இல் ஜாக்கி பிரவுனை இரண்டே சுற்றில் வென்று பிளை வெயிட் உலகப் பட்டம் கொணர்ந்தார். மூன்றாண்டு செல்லுமுன், மதுவுக்கு ஆட்பட்டு, எடைபார்க்கும் தட்டில் ஆறு ராத்தலுக்கு மேல் மிகுந்து நின்று, ஒரு குத்தும் வாங்காமலே பட்டத்தை இழந்தார். 1946இல் மாண்டபோது அவருக்கு அகவை 33. வெற்றி தந்த ஊரார், வெற்றிக்குப் பின் வாழ வழிகாட்டவில்லை.

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். இதுவரை கூறிய அனைவரும் மேடையேற வாய்ப்புப் பெற்றவர்கள். வாய்ப்பே பெறாதவர் நிலை என்ன?

1911இல் கறுப்பின ஹெவி வெயிட் வீரரான அமெரிக்கர் ஜாக் ஜான்சன், பாம்பார்டியர் பில்லி வெல்ஸ் என்னும் ஆங்கிலேயருடன் இலண்டனில் பொருவதாக இருந்தது. கறுப்பர் வெள்ளையரை மேடையில் வென்றால் பேரரசின் பல பகுதிகளில் என்ன விளையுமோ என அஞ்சினர் ஆள்வோர். அன்று உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதனை நிறுத்துவித்தார். பேரரசின் பல பகுதிகள் என்றதில் நம் நாடும் அடங்கும் என்பதை மறவாதீர்கள். அதன்பின் நிறத்தடை வழக்காகி, பின்னர் எழுத்திலும் விதியாயிற்று. பெற்றோர் இருவரும் வெள்ளையராயிருந்தாலன்றி ஒருவர் பிரிட்டிஷ் பட்டத்துக்குப் பொருதல் கூடாது. 1948 வரை இத்தடை நீடித்தது.

மான்செஸ்டரில் 1902இல் லென் ஜான்சன் பிறந்தார். தந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்தவர், தாய் வெள்ளையர். நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் பொருத இவர், தம் காலத்துப் பிரிட்டனின் மிகச் சிறந்த மிடில் வெயிட் வீரருள் ஒருவர் என்பதை எதிரிகளும் ஒப்பினர். மேடையில் பொருவதை யாரும் தடுக்கவில்லை. அவர் ஆட்டத்தைக் காணக் கட்டணம் பெறுவதையும் யாரும் தடுக்கவில்லை. பிரிட்டிஷ் பட்டத்துக்குப் பொருவதை மட்டுமே தடுத்தனர். 1933இல் பட்டமின்றியே ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் அவர் தம் மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டார். 1945இல் மான்செஸ்டரில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டில் பங்குகொண்டார். நிறம் காரணமாகத் தமக்குப் பரிமாற மறுத்த மதுக்கடை ஒன்றை, ஊராரைத் திரட்டிப் போராடிப் பணியவைத்தார்.

1948இல் தடை நீங்கியது. நீங்கிய அவ்வாண்டிலேயே டிக் டர்ப்பின் என்பவர் பிரிட்டிஷ் மிடில் வெயிட் பட்டத்தை வென்றார். அவர் தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்து முதல் உலகப் போரில் பொருதவர். டிக்கின் தம்பி ராண்டால்ப் டர்ப்பின், 1951 ஜூலை 10ஆம் நாள் இலண்டனில் சுகர் ரே ராபின்சனை எதிர்கொண்டார். அதுவரை நூற்று முப்பது போட்டிகளுக்கு மேல் ஆடி ஒரே ஒரு தோல்வி கண்டிருந்த ராபின்சனைப் பதினைந்து சுற்றும் விடாது தாக்கி, புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டம் பெற்றார். அறுபத்து நான்கு நாள் சென்று நியூயார்க்கில் நடந்த மறுபோட்டியில், கண்ணருகே குருதி வழிய நின்ற ராபின்சன் பத்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். டர்ப்பினின் ஆட்சி அத்துடன் முடிந்தது. வரிச்சுமையாலும் வறுமையாலும் நொந்து 1966இல் 37ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

அந்த ஓர் இரவு நமக்கு உணர்த்துவது யாது? கதவு திறந்து மூன்றே ஆண்டுகளில், பிரிட்டிஷ் குத்துச்சண்டையின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றை ஈட்டித் தந்தவர், கதவு மூடியிருந்தால் உள்நாட்டுப் பட்டத்தைக்கூடத் தொட்டிருக்க இயலாதவர். அங்ஙனமாயின், மூடியிருந்த அத்தனை ஆண்டுகளில் எத்தனை டர்ப்பின்கள் வாயிலில் நின்று திரும்பினர்? பெண்டிர் நிலையும் அதுவே. 1998இல் ஜேன் கவுச் என்னும் பெண்மணி வழக்காடி உரிமம் பெறும் வரை, தொழில்முறை மேடை பிரிட்டனில் பெண்களுக்கு அடைத்தே இருந்தது. பெண்களுக்கான குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது 2012இல். இலண்டனில் நடந்த அவ்விழாவில் முதல் தங்கத்தை வென்றவர் லீட்ஸ் நகரத்து நிக்கோலா ஆடம்ஸ். கதவு திறக்குந்தோறும் வெற்றி உள்ளே வருகிறது.

இனித் தீர்ப்பு. முதலிடத்துக்கு எம் தேர்வு ஜிம்மி வைல்டு.

1892இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த இவர், சிறுவனாயிருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பெரியவர் நுழையாத இடுக்குகளில் நுழைந்து கரி வெட்ட அவர்தம் சிற்றுடல் உதவிற்று. திருவிழாக் கூடாரங்களில், தம்மினும் பன்மடங்கு வலியரெனத் தோன்றியோரை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்திப் பயின்றார். அவர் எடை ஒருபோதும் 108 ராத்தலை, அதாவது 49 கிலோவை, மிஞ்சியதில்லை. பிளை வெயிட் பிரிவின் எல்லையே 112 ராத்தல். ஆகவே தம் பிரிவிலும் பெரும்பாலும் தம்மினும் எடை மிக்கோருடனேயே அவர் பொருதார். 1915இல் டான்சி லீயிடம் முதல் தோல்வி காணுமுன் தொண்ணூறுக்கு மேற்பட்ட போட்டிகளில் தோல்வியே அறியார். அடுத்த ஆண்டே லீயை வென்று பழி தீர்த்தார். அவ்வாண்டிறுதியில் உலகப் பட்டம் பெற்றார். மெலிந்த கைகளும் வெளிறிய முகமும் கொண்ட அவரைக் கையில் சம்மட்டி ஏந்திய ஆவி என்று மக்கள் அழைத்தனர். இரண்டாண்டு மேடையேறாதிருந்து, 1923இல் தம் முப்பத்தோராம் வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர் பஞ்சோ வில்லாவிடம் ஏழாம் சுற்றில் வீழ்ந்தார். பட்டத்தை விலைபேசாது மேடையில் நின்றே இழந்தார்.

பிட்சிம்மன்சுக்கு முதலிடம் அளிக்க நம் நெஞ்சம் விழையும். அவர் நம்போல் குடிபெயர்ந்தவர். ஆயினும் உறவு கருதித் தீர்ப்புக் கூறலாகாது. ஹெவி வெயிட் பட்டத்தை வென்றபின் அதனை ஒருமுறையும் காத்திலர். 1899இல் ஜெப்ரிசிடம் இழந்தார். தம் பிரிவில் நெடுங்காலம் நிகரின்றி நின்ற வைல்டுக்கே முதலிடம், பிட்சிம்மன்சுக்கு இரண்டாமிடம், லூயிசுக்கு மூன்றாமிடம். இம்முடிவை மறுக்க நம் இளைஞர்க்கு உரிமை உண்டு. மறுப்பார்கள் என்றே நம்புகிறோம்.

ஆனால் ஒன்றை மட்டும் மறவாது செய்க. பட்டியலை எழுதி முடித்ததும், அதன் ஓரத்தில் லென் ஜான்சன் என்னும் பெயரையும் எழுதுக. அவருக்கு எண் இட இயலாது. அளக்கும் வாய்ப்பையே அவருக்கு அளிக்க மறுத்தனர். எண்ணில்லாத அப்பெயர், எண்ணுள்ள பெயர்களுக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை. சிறந்தோர் யார் என்று கேட்குமுன், போட்டியில் யாரைச் சேர்த்தோம் என்று கேட்க வேண்டும்.

நம் சங்கமும் ஆண்டுதோறும் பல போட்டிகள் நடத்துகிறது. பரிசும் கேடயமும் வழங்குகிறது. வென்றோரை வாழ்த்துவோம். அதே வேளையில், அறிவிப்பு எட்டாத தெருவிலும், கட்டணம் செலுத்த இயலாத வீட்டிலும், நம் தமிழ்ச் சிறுவர் சிறுமியர் இருப்பதை எண்ணுவோம். அவர்களையும் அழைத்து வந்து மேடையேற்றிய பின்னரே, வென்றவர் சிறந்தவர் என்று நாம் நெஞ்சறிந்து கூற முடியும்.